நாற்றோடு போகும் காவல்

(காய்கறி விவசாயிகளும் வேளாண் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காய்ப்புழு வந்தால் காயில் ஓட்டை தெரியும். வெள்ளை ஈ வந்தால் இலையைத் தட்டியதும் பறக்கும். நூற்புழு வந்தால் ஒன்றுமே தெரியாது. அது இருப்பது மண்ணுக்குள், அதிலும் வேருக்குள். நீளம் அரை மில்லிமீட்டர்தான். அதனால் விவசாயிக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் அதிகாரிக்கும் செய்தி ஒன்றுபோலத் தாமதமாகவே வந்து சேர்கிறது. அந்தத் தாமதத்தைப் பற்றியும், அதை வெல்ல நமக்கு உதவும் சில பூஞ்சாணங்களைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அடையாளம். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, பாகல், புடலை, பீர்க்கன், வெள்ளரி, கேரட் என்று நாம் பயிரிடும் காய்கறிகளில் பெரும்பாலானவை வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பிடித்தவை. தாக்கிய செடி உச்சி வெயிலில் துவளும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு முறை பாய்ச்சுவோம். இலை வெளுக்கும், சத்துக் குறைவு என்று ஒரு நுண்ணூட்டப் பாட்டில் வாங்குவோம். வயல் முழுவதும் ஒரே சீராக இப்படி ஆகாது. அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடி குட்டையாக நிற்கும். அந்தத் திட்டுகள் அடுத்த போகத்தில் அகலமாகும். மணல் சார்ந்த மண்ணில் இது இன்னும் வேகம்.

சந்தேகம் வந்தால் செடியைக் கையால் பிடுங்காதீர்கள். முடிச்சு உள்ள சல்லிவேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். கையில் வருவது ஆணிவேரும் நல்ல வேரும்தான். ‘வேர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஏமாந்துபோவோம். மண்வெட்டியால் ஒரு சாண் தள்ளி வெட்டி, மண்ணோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக அலசிப் பாருங்கள். வேர் அங்கங்கே தடித்து மணி கோத்ததுபோல் இருந்தால் அது வேர்முடிச்சு. அவரை, பயறு வகைகளில் தழைச்சத்து முடிச்சும் இருக்குமே, அதை எப்படிப் பிரித்தறிவது? தழைச்சத்து முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழுவின் முடிச்சு வேரே வீங்கியது; வேரைப் பிய்க்காமல் அதைப் பிரிக்க முடியாது.

அந்த முடிச்சின் மேல் ஒரு கைலென்ஸை வைத்துப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கூழ்ப்பொட்டு தெரியும். இன்றைய பேச்சு முழுவதும் அந்தப் பொட்டைச் சுற்றித்தான். அது ஒரு முட்டைக் குவியல். ஆய்வகத்தில் ஃபிளாக்சின் என்ற சாயத்தில் வேரை நனைத்தால் இந்தப் பொட்டுகள் மட்டும் சிவப்பேறி நிற்கும்; எண்ணிவிடலாம். ஒவ்வொரு பொட்டுக்குள்ளும் சில நூறு முட்டைகள்.

அவை எப்படி வந்தன? முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு தன் உடம்பில் இருக்கும் கொழுப்பை வைத்துக்கொண்டு வேரைத் தேடி ஊர்கிறது. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் துளைத்து உள்ளே போகிறது. ஓரிடத்தில் தலையை நிறுத்தி, சில வேர்ச் செல்களுக்குள் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்தச் செல்கள் பல உட்கருக்களோடு ராட்சதச் செல்களாக ஊதிவிடுகின்றன. செடி தன் சாற்றையெல்லாம் அங்கே அனுப்பத் தொடங்குகிறது. புழு அதன்பின் நகர்வதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே குடித்துக் குடித்து பேரிக்காய் வடிவில் பருத்து, பின்புறமாகக் கூழைக் கசியவிட்டு அதற்குள் முட்டையிடுகிறது. நம்மிடம் அதிகமாக இருக்கும் மெலாய்டோகைன் இன்காக்னிடா என்ற இனத்துக்கு ஆண்கூடத் தேவையில்லை. பெண் தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். மண் 27 டிகிரி வெப்பத்தில் இருந்தால் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை சுமார் 25 முதல் 30 நாள். நாலு மாதத் தக்காளியில் மூன்று, நான்கு தலைமுறை ஓடிவிடும்.

இந்தப் புழுவை உலகம் அறிந்தது 1855இல். இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரி வேரில் முடிச்சுகளைக் கண்டு எழுதினார். இந்தியாவில் முதல் பதிவு நம் நீலகிரியில்தான்: 1901இல் தேவாலா எஸ்டேட்டின் தேயிலை வேரில். பதிவு செய்தவர் பார்பர். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தாரே, அதே பார்பர்தான். ஆக, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த எதிரி. அகில இந்திய நூற்புழு ஆராய்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், எல்லா வகை நூற்புழுக்களாலும் நாட்டில் ஏற்படும் விளைச்சல் இழப்பு 21.3 சதவீதம், பண மதிப்பில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

இத்தனை காலம் இதற்கு என்ன செய்தோம்? விஷம் போட்டோம். இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் திமெட், பியூரடான் என்ற பெயர்களைச் சொன்னாலே அந்த வாடை நினைவுக்கு வரும். திமெட் என்கிற போரேட் 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பியூரடான் என்கிற கார்போபியூரானில் 3 சதவீத உறையிட்ட குருணை தவிர மற்ற வடிவங்களை நிறுத்த 2023இல் ஆணை வந்தது. வெளிநாடுகளில் மண்ணுக்குப் புகை போடப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி ஒதுக்கப்பட்டது. டிபிசிபி என்று ஒன்று இருந்தது. 1977இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்களுக்குப் பிள்ளைப் பேறு இல்லாமல் போனது தெரியவந்து, 1979இல் அமெரிக்கா அதை நிறுத்தியது. ஹவாய்த் தீவு அன்னாசித் தோட்டங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 1985இல்தான் அங்கும் முடிவுக்கு வந்தது.

ஹவாய் அன்னாசித் தோட்டத்தை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். அந்த விஷம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1937இல், அதே தீவில் லின்போர்டு என்ற விஞ்ஞானி வேறொரு வழியைக் கண்டிருந்தார். அன்னாசிச் செடியின் தழையை நறுக்கி மண்ணில் கலந்தார். தழை அழுகியபோது யாருக்கும் தீங்கு செய்யாத மண்வாழ் நூற்புழுக்கள் ஏராளமாகப் பெருகின. அவற்றைத் தின்னும் பூஞ்சாணங்களும் பெருகின. கடைசியில் வேர்முடிச்சு குறைந்தது. மண்ணுக்குள் ஏற்கெனவே காவல் இருக்கிறது, அதற்குச் சோறு போட்டால் போதும் என்று அவர் காட்டிவிட்டார். ஆனால் மலிவாக விஷம் கிடைத்ததும் உலகம் அதை மறந்துபோனது.

இங்கிலாந்திலும் ஒன்று நடந்தது. ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரையன் கெர்ரி, ஆண்டுதோறும் தானியமே விதைத்த வயல்களை 1970களில் ஆராய்ந்தார். தானியத்தைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு வருடா வருடம் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆனால் தானாகவே இறங்கியது. ஃபார்மலின் ஊற்றிய பாத்திகளில் மட்டும் மறுபடி பெருகியது. ஃபார்மலின் கொன்றது பூஞ்சாணத்தை. காவல் போனதும் நூற்புழு ஏறியது. நம் வயலில் கண்டபடி பூஞ்சாணக் கொல்லியை வேரில் ஊற்றும்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

இனி அந்தக் காவலர்களைப் பார்ப்போம்.

முதல் வகை, கண்ணி வைத்துப் பிடிப்பவை. ஆர்த்ரோபோட்ரிஸ் என்ற பூஞ்சாணம் தன் இழைகளைப் பின்னிப் பசைதடவிய வலையாக்கி வைக்கும். ஊர்ந்து வரும் நூற்புழு ஒட்டிக்கொண்டால் இழை அதன் தோலைத் துளைத்து உள்ளே போகும். டிரெக்ஸ்லரெல்லா என்ற இனம் இன்னும் அற்புதம். மூன்றே செல்களால் ஒரு வளையம் செய்து வைத்திருக்கும். நூற்புழு அதற்குள் தலையை நுழைத்ததும் மூன்று செல்லும் உள்நோக்கி ஊதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கழுத்தை இறுக்கிவிடும். மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்த மாணவர் யாரும் மறப்பதில்லை. ஆனால் வயலுக்கு வந்தால் இவற்றை நம்பிப் பயிர் செய்வது சிரமம். வெளியே ஊர்ந்து திரியும் புழுவைத்தான் இவை பிடிக்கும். நம் எதிரியோ வாழ்நாளில் பெரும்பகுதியை வேருக்குள் கழிக்கிறது.

இரண்டாவது வகை, முட்டையைத் தின்பவை. என்னைக் கேட்டால் விவசாயிக்கு உண்மையான துணை இவைதான். 1979இல் பெரு நாட்டின் லிமா நகரில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைச் சேர்ந்த ஜடாலாவும் அவரது குழுவினரும், நூற்புழு முட்டைக்குள் ஒரு பூஞ்சாணம் வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். அன்று அதன் பெயர் பேசிலோமைசிஸ் லிலாசினஸ். 2011இலிருந்து பர்புரியோசிலியம் லிலாசினம். இன்று பாக்கெட்டில் வாங்குவது இதைத்தான்; சில உறைகளில் பழைய பெயரே இன்னும் இருக்கும். உலகில் பல நாடுகளில் விற்பனைக்கு வந்த 251 என்ற இதன் ரகம் பிலிப்பைன்ஸில் வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. கெர்ரி ஆராய்ந்த பொக்கோனியா கிளமைடோஸ்போரியா இதே வேலையைச் செய்யும் இன்னொரு பூஞ்சாணம். கியூபாவில் அரசு ஆய்வு நிலையம் ஒன்று அதை உற்பத்தி செய்து காய்கறித் தோட்டங்களுக்குத் தந்து வருகிறது.

முட்டையை இது எப்படித் துளைக்கிறது? நூற்புழு முட்டையின் ஓட்டில் கைட்டின் என்ற கெட்டியான பொருள் இருக்கிறது, கூடவே புரதம். பூஞ்சாண இழை ஓட்டின் மேல் படர்ந்து, நுனியைத் தட்டையாக்கி அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. புரதத்தைக் கரைக்கும் நொதியையும் கைட்டினைக் கரைக்கும் நொதியையும் சுரக்கிறது. ஓடு இளகியதும் உள்ளே புகுந்துவிடுகிறது. நல்ல முட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே இளம்புழு மடிந்து சுருண்டு கிடப்பது தெளிவாகத் தெரியும். பூஞ்சாணம் புகுந்த முட்டையில் புழுவைக் காண முடியாது. இழைதான் நிறைந்திருக்கும், ஓடு சுருங்கிப்போயிருக்கும். இப்போதுதான் இட்ட இளம் முட்டை எளிதில் மாட்டும். உள்ளே புழு உருவாகி முடிந்துவிட்டால் அந்த முட்டை பெரும்பாலும் தப்பிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, வேரோடு கூடி வாழ்பவை. டிரைக்கோடெர்மாவை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நாற்றழுகலுக்கும் வேரழுகலுக்கும் போடுகிறோம். அது வேரின்மேல் படர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, கைட்டினைக் கரைக்கும் நொதியைச் சுரக்கிறது, செடியின் எதிர்ப்புச் சக்தியையும் உசுப்பிவிடுகிறது. நூற்புழு துளைத்த வேரில் வாடல் நோய்க் கிருமி எளிதாகப் புகும் என்பதால், நோயையும் நூற்புழுவையும் அடக்கும் இரண்டு வேலையும் சேர்ந்தே நடப்பது நமக்கு லாபம். வேம் எனப்படும் வேர்ப் பூஞ்சாணமும் இந்த வகைதான்; மணிச்சத்தை எடுத்துக் கொடுப்பதோடு புழு அடைந்த இடத்துக்குப் போட்டியாக வேருக்குள் குடியேறுகிறது.

‘எதிர்ப்புத் திறன் உள்ள தக்காளி ரகம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காட்டுத் தக்காளியிலிருந்து எடுத்த எம்ஐ என்ற மரபணு உண்மையிலேயே வேலை செய்கிறது. ஹிசார் லலித் போன்ற எதிர்ப்பு ரகங்களும் நம் நாட்டில் உண்டு. ஆனால் மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த மரபணுவின் பிடி தளர்ந்துவிடும். நம் சமவெளியில் கோடையில் 28 என்பது ஒரு வெப்பமா? பூஞ்சாணமோ 25லிருந்து 30 டிகிரியில் செழித்து வளர்வது. நம் ஊருக்கு ஏற்ற துணை அது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இது ஆய்வு முடிவு இல்லை, புரிவதற்காக நான் போடும் கணக்கு. நடவின்போது ஒரு செடியின் வேரில் ஒரே ஒரு பெண் புழு இருக்கிறது. அது இடும் முந்நூறு முட்டைகளில் பத்துதான் பிழைத்து அடுத்த பெண் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறை முடிவில் பத்து, இரண்டாவதில் நூறு, மூன்றாவதில் ஆயிரம். சரி, பூஞ்சாணம் ஒவ்வொரு தலைமுறையிலும் பத்துக்கு ஆறு முட்டையை அழிக்கிறது. அப்போது நான்கு, பதினாறு, அறுபத்து நான்கு. ஆயிரம் எங்கே, அறுபத்து நான்கு எங்கே! அதே பூஞ்சாணத்தை, அதே அளவில், செடி வாடின பிறகு மூன்றாம் தலைமுறையில் மட்டும் போட்டால்? பத்து, நூறு, நானூறு. மருந்து ஒன்றுதான், செலவு ஒன்றுதான். போட்ட நாள்தான் வேறு.

கெர்ரியின் குழுவினர் இதற்கு இன்னொரு காரணமும் கண்டார்கள். வேர்முடிச்சு பெரிதாக வீங்கிவிட்டால் முட்டைக் குவியல் வேருக்கு வெளியே வராமல் முடிச்சுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. பூஞ்சாணத்தால் அதை எட்ட முடிவதில்லை. தாக்குதல் முற்றின வயலில் பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டினாலும் பலன் தெரியாதது இதனால்தான். பிறகு ‘உயிர் மருந்தெல்லாம் சும்மா’ என்று பேசிக்கொள்கிறோம். தாமதமாகப் போட்டுவிட்டுப் பூஞ்சாணத்தின் மேல் பழி போடுவது நியாயமா?

அப்படியானால் எப்போது தொடங்குவது? நாற்றங்காலில். என் பேச்சின் சாரம் இந்த ஒரே சொல்தான். நூற்புழு தன் காலால் வயல் விட்டு வயல் போகாது. ஆண்டுக்குச் சில அடி தூரம் ஊர்ந்தாலே அதிகம். அதை ஊர் ஊராகக் கொண்டுபோவது நாம். நாற்றின் வேரில், வேர்மண்ணில், மண்வெட்டியில், டிராக்டர் டயரில். 2016இல் தமிழ்நாட்டுக் கொய்யாத் தோப்புகளில் மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற புதிய இனம் பதிவானது. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. அது பரவியதில் பதியன் கன்றுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இனம் கொய்யாவோடு நிற்பதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாயையும் தாக்கும். எம்ஐ மரபணு உள்ள தக்காளியும் அதன் முன் நிற்காது. கன்றோடு புழு போகும் என்றால், அதே கன்றோடு, அதே நாற்றோடு, காவலையும் அனுப்பலாம் அல்லவா?

குழித்தட்டில் நாற்று விடுபவர்களுக்கு இது மிகச் சுலபம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி 300 கிலோ மக்கிய தென்னைநார்க் கழிவுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்குக் கலக்கிறோம். அதோடு டிரைக்கோடெர்மா, பர்புரியோசிலியம் இரண்டையும் கலந்து, தட்டில் நிரப்புவதற்கு முன் சில நாள் ஈரம் காக்க மூடி வையுங்கள். விதைக்கு, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா. அவ்வளவுதான். நாற்று வெளியேறும் நாளில் ஒவ்வொரு வேர்க்கட்டியிலும் பூஞ்சாணம் படர்ந்திருக்கும். ஒரு ஏக்கர் மண் முழுவதும் தூவ வேண்டிய காவலை ஒரு சின்னக் குழியில் குடிவைத்துவிட்டோம். இதைவிடச் சிக்கனம் வேறு இல்லை.

மண்பாத்தியில் நாற்று விடுபவர்கள் கோடையில் பாத்தியை நனைத்து, மெல்லிய கண்ணாடிப் பாலித்தீன் தாளால் மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து, நான்கிலிருந்து ஆறு வாரம் வெயிலில் வேகவிடுங்கள். நூற்புழு பெருமளவு சாகும். நல்ல பூஞ்சாணமும் குறையும். தாளை எடுத்ததும் விட்டுவிடாமல், காலியான அந்த மண்ணில் முதலில் குடியேறுவது நம் பூஞ்சாணமாக இருக்கும்படி, ஊட்டமேற்றிய தொழு உரத்தைக் கலந்து பிறகு விதையுங்கள்.

ஊட்டமேற்றுவது எப்படி என்று சொல்கிறேன். நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு டன். டிரைக்கோடெர்மா 2 கிலோ, பர்புரியோசிலியம் 2 கிலோ. நிழலில் குவித்து, கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு நீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி 15 நாள் வையுங்கள். நடுவில் ஒரு முறை கிளறிவிடுங்கள். காய்ச்சிய பாலில் உறை ஊற்றிவிட்டு ராத்திரி முழுவதும் காத்திருக்கிறோமே, அதே பொறுமைதான். பாக்கெட்டிலிருந்து நேராக வயலில் தூவிய தூளுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் ஆயிரம் நுண்ணுயிரோடு போட்டியிட்டுத் தோற்றுப்போகும். எருவில் பெருகிய பூஞ்சாணம் தன் சோற்றைக் கையோடு கொண்டுபோகும்.

வயலில் நடவுக்குழிக்கு இந்த எருவில் ஒரு கைப்பிடி. ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் நல்லது. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வேரடியில் இடுங்கள். சொட்டு நீரில் விட நினைப்பவர்கள் திரவ வடிவத்தை வாங்குங்கள். டால்க் பவுடரில் வரும் தூள் வடிகட்டியையும் சொட்டுவாயையும் அடைத்துவிடும். எதைப் போட்டாலும் சாயங்காலம் போடுங்கள்; வெயிலில் வித்துகள் சாகும். மண் ஈரமாக இருக்க வேண்டும்; சேறாக இருக்கக் கூடாது. கார்பன்டாசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லியை வேரில் ஊற்றிவிட்டு மறுநாள் டிரைக்கோடெர்மா ஊற்றினால் இரண்டு செலவும் வீண். குறைந்தது பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பெற்ற பதிவு எண், தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும், ஒரு கிராமில் எத்தனை உயிர் வித்து என்ற கணக்கு. ஒரு சதவீதத் தூள் என்றால் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் இருக்க வேண்டும். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கியிருந்தால் அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது வெறும் டால்க் பவுடராகியிருக்கும். கலக்கும்போது முகமூடியும் கையுறையும் அவசியம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், கண்ணில் காயம் உள்ளவர்களுக்கும் பர்புரியோசிலியம் அரிதாகத் தொற்று ஏற்படுத்தியதுண்டு. உயிர் மருந்து என்பதற்காக வெறும் கையால் அள்ளி வீச வேண்டாம்.

பூஞ்சாணத்தால் தனியாக எல்லாம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுவடை முடிந்ததும் தண்டை வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிட்டு வேரை வயலிலேயே விட்டுவிடுகிறோம். அந்த வேரில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கிறது. தோண்டி எடுத்து வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள். வரப்பில் முளைக்கும் மணத்தக்காளி நமக்குக் கீரை. நூற்புழுவுக்கும் அது விருந்துதான். பந்தல் காய்கறிக்காரர்களுக்கும் பசுமைக்குடில் போட்டவர்களுக்கும் கவலை கூடுதல். கல்தூணையும் கம்பியையும் இடம் மாற்ற முடியாது. அதே மண்ணில் பாகலுக்குப் பின் பீர்க்கன், பீர்க்கனுக்குப் பின் புடலை என்று போடும்போது புழுவுக்கு ஒருநாளும் பட்டினி இல்லை. ஒரு போகம் செண்டுமல்லியோ சணப்பையோ போட்டு அதற்கு இடைவெளி கொடுங்கள். செண்டுமல்லி வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருள் இருக்கிறது. பூ விற்ற காசும் மிச்சம்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று என் பேச்சை நம்பி முடிவு செய்யாதீர்கள். உங்கள் வயலிலேயே சோதித்துப் பாருங்கள். பூஞ்சாணம் ஏற்றிய நாற்றை வயல் முழுக்க நட்டு, இரண்டு வரிசை மட்டும் ஏற்றாத நாற்றை நடுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் இரண்டிலும் பத்துப் பத்துச் செடியை, முன்பு சொன்னபடி மண்ணோடு தோண்டி, அலசி, முடிச்சை எண்ணுங்கள். நூற்புழு ஆய்வாளர்கள் எங்கும் பயன்படுத்தும் மதிப்பெண் உண்டு. முடிச்சே இல்லாவிட்டால் 0. ஒன்று, இரண்டு இருந்தால் 1. மூன்றிலிருந்து பத்து வரை 2. முப்பது வரை 3. நூறு வரை 4. அதற்கு மேல் 5. இதற்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நோட்டும் போதும். அந்த நோட்டு இருந்தால் அடுத்த போகத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாற்று வாங்கும்போது இலையின் பச்சையைப் பார்த்து, விலையை மட்டும் பேசி வாங்குகிறோம். இனி ஒரு தட்டிலிருந்து இரண்டு நாற்றை உருவி, வேரைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். ‘தென்னைநார்க் கழிவில் டிரைக்கோடெர்மா கலந்தீர்களா, பர்புரியோசிலியம் கலந்தீர்களா, எந்தத் தேதிப் பாக்கெட்?’ என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் பண்ணைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் கலந்துதான் தீர வேண்டும். நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். ஒரு தட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு சிறிது. அதைச் சொல்லி, காட்டி, விலையில் சேர்த்தே வாங்குங்கள். விவசாயி கொடுப்பார். வாடிய வயலில் வந்து சேரும் செலவு எவ்வளவு என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.